7,000 ரூபாய், 77 நாள்: கடலூரில் வாடகைக்குப் போன ஒரு வங்கிக் கணக்கு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், லாரன்ஸ் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் நான் வரிக்கணக்கு ஆபீஸ் வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி, வருமான வரி, உத்யம் எனப்படும் சிறுதொழில் பதிவு, பான் கார்டு திருத்தம் என்று வருகிற வேலை எல்லாம் செய்வோம். இங்கே சொல்லப்போகும் வங்கிக் கணக்கைத் திறக்க உதவிய காகிதங்களில் ஒன்று என் கம்ப்யூட்டரிலிருந்துதான் போனது. வெளியே நின்று பார்த்தவன் எழுதியது என்று இதை யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது. படகு போகாவிட்டால் முதுநகர் துறைமுகத்தில் ஏலம் இல்லை, ஐஸ் வண்டி இல்லை, கூலி இல்லை, டீ குடிக்க ஆளும் இல்லை. அந்தப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவர் ஒருவர் பல வருடமாக எனக்குப் பழக்கம். தடைக்காலத்தில் அவருடைய வியாபாரம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அந்த இரண்டு மாதத்துக்கும், ஜூலைத் தொடக்கத்தில் வரும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் சேர்த்து வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வங்கியில் போட்டு வைப்பார்.

அவருடைய மகனுக்கு 21 வயது, டிப்ளமோ முடித்தவன். சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்த்தான். மார்ச்சோடு அது நின்றுவிட்டது. அவனுடைய சொந்த சேமிப்புக் கணக்கு, மினிமம் பேலன்ஸ் இல்லாமல் அபராதம் ஏறி மைனஸில் கிடந்தது. எதில் பணம் போட்டாலும் வங்கி பிடித்துக்கொள்ளும் நிலை. அற்பமான விஷயமாகத் தெரியும். பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்த மைனஸ் கணக்குதான் காரணமானது.

புதுச்சேரியில் நண்பன் ஒருவன் மூலமாக ஒரு 'அண்ணன்' அறிமுகமானார். "பேக்கிங் மெட்டீரியல் பிசினஸ். உன் பேர்ல கரண்ட் அக்கவுன்ட் ஓபன் பண்ணணும். வர்ற பணத்துல நூத்துக்கு ஒண்ணு உனக்கு" என்று பேச்சு. வரி பிரச்சினைக்காகப் பல பெயரில் கணக்கு வைத்திருக்கிறோம் என்று ஒரு காரணமும் சொன்னாராம். வரி ஏய்ப்பு என்றால் பெரிய குற்றமாக நம் ஊரில் யாருக்கும் தோன்றாது. அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார்.

மே முதல் வாரம்: என் ஆபீசில் நடந்தது

பையன் உத்யம் பதிவுக்கு வந்தான். 2020 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பதிவு இது. அரசாங்கத் தளத்தில் இலவசம். ஆதார் எண், பான் எண், ஓடிபி, நாமே சொல்கிற விவரங்கள், அவ்வளவுதான். காகிதம் எதையும் ஏற்ற வேண்டாம். ஆளே இல்லாத தொழிலுக்கும் 10 நிமிடத்தில் சான்றிதழ் வந்துவிடும். தனிநபர் நிறுவனத்துக்கு நடப்புக் கணக்கு திறக்கும்போது வங்கிகள் கேட்கும் சான்றுகளில் அதுவும் ஒன்றாக ஏற்கப்படுகிறது.

ஆதார் ஓடிபி அவனுடைய பழைய நம்பருக்கு வந்தது. அடுத்து, நிறுவனத்தின் மொபைல் நம்பர் என்ன என்று என் உதவியாளர் கேட்டார். பையன் பர்சைத் திறந்து, சிம் உடைத்தெடுத்த பிளாஸ்டிக் அட்டையை வெளியே எடுத்து, அதன் பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்த பத்து இலக்கத்தைப் பார்த்துப் படித்தான். ஒரு தடவை தவறாகப் படித்து மறுபடியும் சொன்னான். தொழில் தொடங்கப் போகிறவனுக்குத் தன் தொழில் நம்பர் தெரியவில்லை. முகவரி அரியாங்குப்பத்தில் ஒரு கடை. வாசலில் பைக்கில் ஒருத்தர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் பார்த்தேன். ஏதோ சரியில்லை என்றும் பட்டது. டீக்கடைக்காரர் மகன்தானே என்று விட்டுவிட்டேன். ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு சான்றிதழை அச்சடித்துக் கொடுத்தோம்.

அரியாங்குப்பம் முகவரியை வைத்து, புதுச்சேரியில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் நடப்புக் கணக்கு திறக்கப்பட்டது. பாஸ்புக், செக் புக், டெபிட் கார்டு, இன்டர்நெட் பேங்கிங் பாஸ்வேர்டு, புது சிம், எல்லாம் ஒரு கவரில் போனது. அந்த வட்டாரத்தில் இதற்குக் 'கிட்' என்று பெயராம். இந்தக் கிட்டில் எது விலை உயர்ந்தது என்று பையனைக் கேட்டேன். கார்டு என்றான். உண்மையில் சிம்தான். கார்டு ஒரு நாளைக்குக் கொஞ்சப் பணம்தான் எடுக்கும். ஓடிபி வருகிற சிம் யார் கையில் இருக்கிறதோ, கணக்கு அவருடையது.

மே 23, 24: லாட்ஜ் அறை

மே 23 வெள்ளிக்கிழமை. மறுநாள் நான்காவது சனி, வங்கிக் கிளைகளுக்கு விடுமுறை. அடுத்த நாள் ஞாயிறு. தேதியை யோசித்துத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கிளையில் விளக்கு அணைந்தாலும் பணம் நகர்வது நிற்காது. 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட், 2020 டிசம்பரிலிருந்து ஆர்டிஜிஎஸ் 24 மணி நேரமும் ஓடுகின்றன. ஐஎம்பிஎஸ்ஸும் யுபிஐயும் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். "இந்தப் பணம் என்ன?" என்று கணக்குக்காரருக்குப் போன் போட்டுக் கேட்கக்கூடிய மேனேஜர் மட்டும் திங்கள் காலைதான் வருவார்.

பையனைப் புதுச்சேரி பேருந்து நிலையம் பக்கம் ஒரு லாட்ஜுக்கு வரச் சொன்னார்கள். அறையில் ஏற்கெனவே இரண்டு பேர். போனை வாங்கிக்கொண்டு ஒரு ஏபிகே ஃபைலை ஏற்றினார்கள். அந்தப் போனுக்கு வரும் குறுஞ்செய்திகள் தானாக வேறு எங்கோ போய்ச் சேரும் செயலி அது. அப்புறம் இரண்டு நாளும் பிரியாணி, டிவி, ஏசி. வெளியே போக மட்டும் அனுமதி இல்லை. கணக்கின் சொந்தக்காரன் நடுவில் மனம் மாறி வங்கிக்குப் போன் போட்டுவிட்டாலோ, வந்த பணத்தைத் தானே எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாலோ என்ற பயம் அவர்களுக்கு. 'விருந்தாளியா வச்சிருந்தாங்க சார்' என்றான் பையன். பிணையாக வைத்திருந்தார்கள் என்று, பின்னால் நாங்கள் போய்ப் பார்த்த வக்கீல் திருத்தினார்.

பின்னால் நான் பார்த்த கணக்கு அறிக்கையில் முதலில் ஒரு ரூபாய் வந்தது, அடுத்து 100 ரூபாய். கணக்கு வேலை செய்கிறதா என்ற சோதனை. வெள்ளி மாலை 4.52-க்கு ஆர்டிஜிஎஸ் மூலம் 7,00,000 வரவு. 4.54-க்கு 4,95,000 பற்று. 4.55-க்கு 2,03,500 பற்று. மூன்று நிமிடத்தில் ஏழு லட்சத்தில் மிச்சம் 1,500. ஐஎம்பிஎஸ்ஸில் ஒரு தடவைக்கு உச்சம் 5 லட்சம். அதற்குக் கொஞ்சம் கீழே நிற்கும் அந்த 4,95,000-ஐப் பார்த்தாலே பழகிய கை என்று புரிகிறது. இரண்டு நாளில் எட்டு வரவு, மொத்தம் 21,60,000. பற்று 43. சனி இரவு கணக்கில் இருந்தது 4,310 ரூபாய்.

பையனுக்குப் பேசியது 21,600. கொடுத்தது 12,000: கையில் 5,000, மீதி 7,000 யுபிஐயில். 'உன் நம்பர் சொல்லு' என்றபோது, தன் கணக்கில் போட்டால் வங்கி பிடித்துக்கொள்ளுமே என்று, போனில் வைத்திருந்த அப்பாவின் டீக்கடை க்யூஆர் படத்தைக் காட்டினான்.

பணம் போன வழி

இதை நான் பின்னால் வக்கீலிடமும், விசாரித்த காவலர் ஒருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த ஏழு லட்சத்தை அனுப்பி ஏமாந்தவர் வேறு மாநிலத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, போலிப் பங்குச்சந்தை செயலி ஒன்றில் லாபம் ஏறுவதுபோலக் காட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போட வைத்திருக்கிறார்கள். அவர் அனுப்பிய பணம் முதலில் விழும் கணக்கு லேயர் 1. நம் பையனுடையது அது. அங்கிருந்து பிரிந்து போகும் கணக்குகள் லேயர் 2, அங்கிருந்து லேயர் 3. கீழே போகப் போகத் தொகை சிறிதாகும், கணக்குகளின் எண்ணிக்கை பெருகும், ஊர்கள் சிதறும்.

கடைசியில் பணம் வங்கியை விட்டு வெளியேற வேண்டும். ஒரு பகுதி ஏடிஎம்மில் ரொக்கமாகிறது, ஒரு பகுதி செக் போட்டு எடுக்கப்படுகிறது. பெரிய தொகை பெரும்பாலும் யுஎஸ்டிடி எனப்படும், டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோவாகிறது. எக்ஸ்சேஞ்சுக்கு நேராகப் போனால் அடையாளச் சரிபார்ப்பு, பதிவு எல்லாம் உண்டு. 2023 மார்ச்சிலிருந்து இந்தியாவில் கிரிப்டோ நிறுவனங்களும் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆகவே, கையில் கிரிப்டோ வைத்திருக்கும் தனிநபரிடம் வாங்குகிறார்கள். விற்றவர் கணக்கில் களவுப் பணம் விழுகிறது, அவருக்கு அது தெரியாமலே. வருமான வரிக்கு வரும், கிரிப்டோ விற்கும் இளைஞர்கள் சிலர், 'ஆன்லைன்ல ரெண்டு ரூபா கூட வச்சு வாங்கிக்கறாங்க சார்' என்று பெருமையாகச் சொல்லும்போது இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த இரண்டு ரூபாய் எதற்காகக் கூடுதலாக வருகிறது?

பொறியாளர் சந்தேகப்பட்டு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்தது ஞாயிறு காலை. புகார் பதிவானதும் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குத் தளம் வழியாகத் தகவல் போய், இருக்கிற பணத்தை நிறுத்தி வைப்பார்கள். அதற்குள் லேயர் 1 காலி. லேயர் 3-ல் எடுக்காமல் விடுபட்டிருந்த 61,000 மட்டும் சிக்கியது.

ஜூன் 2: டீக்கடையில்

லேயர் 2 கணக்கு ஒன்றிலிருந்து போன 7,000 ரூபாயின் தடத்தைப் பிடித்து, டீக்கடைக்காரரின் கணக்கும் முடக்கப்பட்டது. இருப்பு 1,84,000. முடக்கியது முழுவதையும்.

இரண்டு நாள் கழித்து அவர் என் ஆபீசுக்கு வந்தார். கையில் கடையின் சவுண்ட் பாக்ஸ். அதை ஏன் எடுத்து வந்தார் என்று முதலில் புரியவில்லை. மேசையில் வைத்தார். "சார், பதினஞ்சு ரூபா வந்துச்சு, முப்பது ரூபா வந்துச்சுன்னு டப்பா சொல்லிக்கிட்டேதான் இருக்கு. பால்காரனுக்கு அனுப்பினா போகமாட்டேங்குது. டப்பாவுலதான் ஏதோ கோளாறு போல."

பற்று மட்டும் முடக்கினால் அப்படித்தான்: வரவு வந்துகொண்டே இருக்கும், எடுக்க முடியாது. இரண்டு நாளாக விற்ற டீக்காசு முழுக்க உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டது. வங்கியில் கேட்டதற்கு வெளிமாநில சைபர் போலீஸ் கடிதம் என்று ஒரு ஒப்புகை எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எத்தனை ரூபாய்க்கு, எந்தப் பரிவர்த்தனைக்கு என்பது அதில் இல்லை.

மகனைக் கூப்பிட்டுக் கேட்டோம். அரை மணி நேரம் 'தெரியாது' என்றான். பாஸ்புக்கில் 7,000 வரவைக் காட்டியதும் அழுதுவிட்டான். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. சவுண்ட் பாக்ஸின் வயரைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, "ஜூலை ரெண்டாந்தேதி பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டணும்" என்று மட்டும் சொன்னார்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

அன்று மாலையே 'அண்ணன்' பையனுக்குப் போன் செய்தார். போனை ஃபார்மட் பண்ணு, சிம் தொலைந்துவிட்டது என்று பழைய தேதியில் ஒரு புகார் கொடு, யார் கேட்டாலும் கணக்கைப் பற்றித் தெரியாது என்று சொல், என்பது அவருடைய ஆலோசனை. பையன் அதற்குத் தயாராகவே இருந்தான். வக்கீல் ஒரே வரியில் நிறுத்தினார்: "தம்பி, இப்ப உன்கிட்ட இருக்கிற ஒரே சாட்சி அந்தப் போன்தான். லாட்ஜ்ல உன்னை வச்சிருந்ததுக்கும், இந்த ஆள் ஒருத்தன் இருக்கான்ங்கிறதுக்கும் வேற என்ன இருக்கு?" சாட்சியத்தை அழித்தால் அது தனிக் குற்றம், பொய்ப் புகார் இன்னொன்று. போனை அணைத்து, கவரில் போட்டு, வக்கீல் ஆபீசில் வைத்தோம்.

அடுத்த கேள்வி யாரிடம் போவது என்பது. பையன் இருப்பது தமிழ்நாடு. கணக்கும் லாட்ஜும் புதுச்சேரி, அதாவது வேறு அரசு, வேறு காவல்துறை. ஏமாந்தவரும் வழக்கும் மூன்றாவது மாநிலம். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி. அந்தக் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே அதிகாரம் மாறிவிடுகிறது. உள்ளூரில் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தோம், போதாது. வழக்கு எங்கே இருக்கிறதோ அந்த விசாரணை அதிகாரி சொன்னால்தான் வங்கி அசையும். ஆகவே வெளிமாநில நிலையத்துக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பி, தானாகவே ஆஜராகத் தயார் என்று எழுதினோம். அங்கே போன இடத்தில் கைதாகாமல் இருக்க சென்னை உயர் நீதிமன்றத்தில் குறுகிய கால இடைக்கால முன்ஜாமீன் வாங்கிய பிறகே பையன் ரயில் ஏறினான்.

மூன்றாவது முடிவு, அப்பா விஷயத்தையும் மகன் விஷயத்தையும் தனித்தனியாக நடத்துவது. ஒரே மனுவாகப் போட்டால் செலவு குறையும் என்று டீக்கடைக்காரர் கேட்டார். நான்கூட அதற்குச் சம்மதித்தேன். வக்கீல் மறுத்தார். அப்பா வழக்கில் கேள்வி ஒன்றே ஒன்று: 7,000 ரூபாய்க்கு 1,84,000-ஐ முடக்கலாமா? மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்தக் கேள்வி மூழ்கிவிடும். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை இயக்க விட வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-லும், சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும் சொல்லியிருக்கின்றன. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் போலீசுக்கு முடக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் அதை நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். இதையெல்லாம் மேற்கோள் காட்டி, இரண்டு வருட டீக்கடை வரவு விவரம், பால், சர்க்கரை பில்கள், என் ஆபீசில் போட்ட கணக்குகள் எல்லாவற்றையும் இணைத்து ஒரு விண்ணப்பம் தயாரித்தோம். ஒரு வரியை டீக்கடைக்காரரே சேர்க்கச் சொன்னார்: 'இந்த 7,000 என்னுடையது இல்லை, ஏமாந்தவருக்குத் திருப்பிக் கொடுக்க எனக்கு ஆட்சேபம் இல்லை.' விசாரணை அதிகாரி அந்த விண்ணப்பத்தை முழுசாகப் படித்தாரோ இல்லையோ, இந்த வரி வேலை செய்தது என்று நம்புகிறேன்.

கடையில் பழைய க்யூஆரைக் கிழித்தோம். மனைவியின் கணக்கில் புது க்யூஆர் வாங்கலாமா என்ற பேச்சு வந்தது. முடக்கிய கணக்கிலிருந்து எதுவும் மாற்றவில்லை என்பதால் சட்டப்படி தடையில்லை. ஆனாலும் அவர் வேண்டாம் என்றுவிட்டார். சில்லறை வைத்து ரொக்கத்துக்கே விற்றார். சில்லறை இல்லாதவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள்.

கடைசியாக, என் முடிவு. உத்யம் பதிவு என் ஆபீசில் செய்தது என்று எழுத்தில் கொடுத்தேன். என்னைச் சிக்கலில் மாட்டும் என்று வீட்டில் பயந்தார்கள். பழைய பதிவுகளைத் தேடியபோது வேறொன்று கண்ணில் பட்டது: அதே மாதம், அதே அரியாங்குப்பம் கடை முகவரியில், அதே பேக்கிங் மெட்டீரியல் தொழிலுக்கு இன்னும் இரண்டு இளைஞர்களுக்கு நாங்கள் பதிவு செய்திருந்தோம். மூன்றும் தனித்தனி நாளில் வந்ததால் உதவியாளரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அந்த மூன்று பதிவுகளையும் சேர்த்தே கொடுத்தேன்.

பின்விளைவு

கல்லூரிக் கட்டணத்தை நகை வைத்துக் கட்டினார்கள். டீக்கடைக்காரரின் கணக்கு ஆகஸ்ட் 18-ல் திறந்தது, முடக்கியதிலிருந்து 77-ஆவது நாள். 7,000 ரூபாய்க்கு மட்டும் லீன் போட்டு, அதாவது அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து, மீதியை விட்டார்கள். வங்கிக் கிளைக்கு அவர் எட்டு முறை போயிருக்கிறார். வக்கீலுக்கும் ரயிலுக்கும் மற்றதற்கும் சேர்த்து ஆன செலவை அவர் என்னிடம் சொல்லவில்லை. மகன் பெற்ற 12,000-ஐப்போல் பல மடங்கு என்பது எனக்குத் தெரியும்.

பையன் இரண்டு தடவை வெளிமாநிலம் போய் வந்தான். போனை ஒப்படைத்தான். குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில்தான் இருக்கிறான்; அங்கேயே நிபந்தனை ஜாமீன் கிடைத்து, வழக்கு நடக்கிறது. ஏமாற்றுதலுக்கு தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318(4), ஆள்மாறாட்டத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி. 'எனக்குத் தெரியாது' என்பது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். லாட்ஜில் போனைப் பறித்துக்கொண்டபோதாவது தெரிந்திருக்க வேண்டாமா என்று நான் அவனிடமே கேட்டேன். பதில் இல்லை.

'அண்ணனின்' நம்பர் வேறொருவர் பெயரில் வாங்கியது. அரியாங்குப்பம் கடை பூட்டிய ஷட்டர். பொறியாளருக்கு அந்த 61,000 நீதிமன்ற உத்தரவோடு திரும்பும், 7,000-மும் சேரலாம். அவர் இழந்த ஏழு லட்சத்தில் அதுதான் கண்ணுக்குத் தெரிந்த பங்கு.

இனி மாற்றிச் செய்வது

ஆபீசில் மூன்று விஷயங்களை மாற்றியிருக்கிறோம். தொழில் முகவரியைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் உத்யம் போடுவதில்லை. ஒரு எக்செல் ஷீட் போதும், இத்தனை நாள் அதைச் செய்யாததற்குச் சோம்பல் தவிர வேறு காரணம் இல்லை. தொழில் நம்பரை மனப்பாடமாகச் சொல்ல முடியாதவரிடம், எதற்காகக் கணக்கு, யார் சொன்னார்கள் என்று உட்கார வைத்துக் கேட்கிறோம். க்யூஆர் வைத்திருக்கும் கடைக்காரர்களிடம், வீட்டுச் சேமிப்பை அந்தக் கணக்கில் குவிக்காமல் தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறேன். தெரியாத ஒருவர் ஸ்கேன் பண்ணிப் போடும் பணமும் நாளைக்கு லேயர் 3 ஆகலாம். டீ குடித்துவிட்டுக் காசு போடுகிறவர் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதியா போடுகிறார்?

இன்னொன்று, முதல் நாளே செய்திருக்க வேண்டியது: எத்தனை ரூபாய்க்கு முடக்கம், எந்தப் பரிவர்த்தனை, எந்த நிலையம் என்ற மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது. வாய்வார்த்தையை நம்பி நாங்கள் 12 நாள் வீணடித்தோம். முழு முடக்கத்தை லீனாக மாற்றச் சொல்லும் கடிதத்தில் தொகையைக் குறிப்பிடாவிட்டால் அது எந்த மேசையிலும் நகராது.

அந்த இரண்டு இளைஞர்களையும் தேடிப் போன் செய்தேன். ஒருவன் கணக்கு திறந்திருந்தான், கிட்டை இன்னும் கொடுக்கவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரி போய் அதை மூடிவிட்டு வந்தான். இன்னொருவனின் நம்பர் மே 30-லிருந்து அணைந்தே இருக்கிறது. பதிவில் அவன் கொடுத்திருந்த நெல்லிக்குப்பம் வீட்டு முகவரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். வேலைக்கு வெளியூர் போயிருக்கிறான், எந்த ஊர் என்று சொல்லவில்லை என்றார் அவனுடைய பாட்டி.